பாதி விலையில் வந்த போட்டியாளர்

டிஜிட்டல் டெஸ்க்கில் நான் கார் செய்திகளும் எழுதுகிறேன். ஓட்டுவதென்னவோ பழைய ஸ்கூட்டர்தான். ஆனாலும் என்னை அதிகம் யோசிக்க வைத்த கார், அமெரிக்காவின் செவர்லே கார்வெட் சி8.

1953-லிருந்து கார்வெட்டுக்கு இன்ஜின் முன்பக்கம்தான். அதை ஓட்டுநருக்குப் பின்னால் நகர்த்த வேண்டும் என்பது அதன் தலைமைப் பொறியாளராக இருந்த சோரா ஆர்கஸ்-டன்டோவின் நெடுநாள் கனவு. 1996-ல் அவர் காலமானார். கனவு 2019 ஜூலையில்தான் பலித்தது. இன்ஜின் நடுவில் இருந்தால் திருப்பங்களில் கார் சொன்னபடி கேட்கும்; பின்சக்கரப் பிடிமானமும் கூடும். 6.2 லிட்டர் வி8 இன்ஜின், 490 குதிரைத்திறன். ஆரம்ப விலை 59,995 டாலர்!

இன்ஜின் நடுவில் உள்ள அக்யுரா என்எஸ்எக்ஸ் அப்போது ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். ஆடி ஆர்8 அதைவிட அதிகம். என்எஸ்எக்ஸ் 2022-லும், ஆர்8 2024-லும் விடைபெற்றன. பழியை கார்வெட் மீது மட்டும் போட முடியாது, இரண்டுக்கும் வயதாகியிருந்தது. ஆனால், ‘இவ்வளவு பணம் எதற்கு?’ என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது.

கார்வெட்டைவிடப் பல ஆயிரம் டாலர் அதிக விலையுள்ள போர்ஷே 911 மட்டும் அசையவில்லை. 2023-ல் 50,000-க்கு மேல் விற்றது. அதை வாங்குபவர்கள் வேகத்துக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை.

செய்தியை முந்தித் தருவதே எங்கள் பெருமையாக இருந்தது. இன்று அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தருகிறார்கள். வேகத்தைத் தவிர என்னிடம் வேறென்ன இருக்கிறது? ஒவ்வொரு செய்தியையும் பதிவேற்றுமுன் இப்போது இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.