தாமதத்தின் அளவு

ஐ.பி.எம். கம்பெனியாரின் ஒர்க்லோட் சிமுலேட்டர் என்னும் கருவி, ஆயிரம் குமாஸ்தாக்களின் வேலையைத் தானொன்றே நடித்துப் பெரிய கணிப்பொறியின் வலிமையைச் சோதிக்கவல்லது. அதில் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையிலுள்ள தாமதத்தை நாமே குறித்தல் வேண்டும். டிலே என்னும் எண்ணை யூ.டி.ஐ. என்னும் கால அலகால் பெருக்கக் கிடைப்பது அத்தாமதம். அலகு விநாடியின் நூறிலொரு பங்காக எழுதப்படும். அலகு 100, டிலே 5 எனின் தாமதம் 5 விநாடி. அலகை 50 ஆக்கின், அதனைக் கொண்ட தாமதமெல்லாம் பாதியாகும்.

கணக்கு எளிது, தக்க எண்ணைத் தெரிதலே அரிது. உதாரணமாக, கோயமுத்தூர் ரயில் நிலையத்தின் முன்பதிவு ஜன்னலை நோக்குவோம். ஈரோட்டுப் பெரியவர் சில்லறை எண்ணி முடிக்குமளவும் குமாஸ்தாவின் விரல் ஓய்ந்திருக்கும். அடுத்தவரோ நொடியில் முடித்து நகர்வார். அனைவர்க்கும் ஒரே எண்ணை வைப்பின், அது பட்டாளத்தாரின் அணிவகுப்பாகுமேயன்றி மக்கள் கூட்டமாகாது. ஆதலின் இரண்டு எல்லைகளுக்கிடையே சீட்டெடுப்பதுபோல் எண்ணைப் பெறவும் அக்கருவியில் வழியுண்டு.

குளிர்சாதன வகுப்புகளுக்குத் தட்கல் திறக்கும் காலை 10 மணிக்கோ அவ்வோய்வு மிகச் சுருங்கும். பிற்பகலின் தாமதத்தை வைத்துச் சோதித்து, கணிப்பொறி தேறிற்றென்று சான்று கொடுத்தால், அதன் பலனை அனுபவிப்பவர் விடியுமுன் வந்து வரிசையில் நிற்கும் ஏழைப் பிரயாணியே. ஆகவே, நண்பர்களே, எண்ணை எழுதுமுன் மனிதரைக் கவனிப்போமாக.