வண்டியில் எவ்வளவு தண்ணீர்?

வண்டியிலேயே படுத்து, வண்டியோரமாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்கு வருவது புதிய வழக்கம் இல்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் தை வரைக்கும் ஐயப்ப சீசன். சபரிமலை போய்த் திரும்பும் வேன்களும், வடக்கே தொலைதூரத்திலிருந்து வரும் யாத்திரை பஸ்களும் வந்து நிற்கும்போது பார்த்தால், கூரையில் அண்டாவும் கரண்டியும், சீட்டுக்கு அடியில் அரிசி மூட்டை, பின்கதவை ஒட்டி நீல நிற டிரம் ஒன்று. நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாக மட்டுமே நமக்குத் தெரிந்திருந்த கேரவன், பக்கத்துக் கேரளம் 2021இல் அதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாகவும் ஆகிக்கொண்டு வருகிறது. டிரம் கட்டிய வேன் ஆகட்டும், குளியலறை வைத்த கேரவன் ஆகட்டும், கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது? 'முடிந்த மட்டும்' என்பதே பெரும்பாலோர் பதில். குமரி மாவட்டத்தில் அது தவறான பதில் என்பது என் கட்சி. வண்டித் தண்ணீரைத் தீர்மானிக்க வேண்டியது டேங்கின் கொள்ளளவு அல்ல. நல்ல தண்ணீர் கிடைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்.

இதற்கு இந்த மாவட்டமே இரண்டு எதிரெதிர்ச் சான்றுகளை வைத்திருக்கிறது. முதலாவது, மேற்குக் கடற்கரையில் நீரோடியிலிருந்து தூத்தூர் வழியாக இரயுமன்துறை வரை வரிசையாக உள்ள மீனவ ஊர்களின் விசைப்படகுகள். சுறாவும் சூரையும் தேடித் தூண்டிலோடு அரபிக்கடலின் ஆழத்துக்குப் போகும் இந்தப் படகுகள் ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேலே, கரை காணாமல் கிடக்கும். நடுவில் எங்கும் நிரப்ப வழியில்லை. அதனால் அங்கே தண்ணீருக்குக் கணக்கு உண்டு: குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர், குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் தளம் கழுவுவதும் கடல் தண்ணீரில். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், 30 நாள் என்றால் 1,800 லிட்டர். கிராமத்து வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு தலைக்கு 55 லிட்டர். அந்த அளவில் அதே பன்னிரண்டு பேர் செலவழித்தால் 19,800 லிட்டர், அதாவது ஏறக்குறைய இருபது டன். ஐஸுக்கும் டீசலுக்கும் மீனுக்கும் இடம் வேண்டிய படகில் அது நடக்காது. படகுக்காரர் பெரிய டேங்கால் மட்டும் சமாளிப்பதில்லை. எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்துச் சமாளிக்கிறார்.

இரண்டாவது சான்று சிவாலய ஓட்டம். மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறைக்குப் பக்கத்துத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவன் கோயில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடியும் இந்த ஓட்டத்தின் தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி உடுத்து, கையில் விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று கூப்பிட்டபடி போகிறவர்கள் தண்ணீர் சுமப்பதில்லை. ஒவ்வொரு கோயிலிலும் ஆறோ குளமோ இருக்கிறது, குளித்துவிட்டு ஈரத்துணியோடு அடுத்த கோயிலுக்கு ஓடலாம். வழியில் ஊர்க்காரர்கள் மோரும் பானகமும் கஞ்சியும் தருவார்கள். மழைக்காலத்திலும் அல்ல, வெயில் ஏறத் தொடங்கும் மாசியில் இது நடக்கிறது. நூறு கிலோமீட்டர் வெறுங்கையோடு போக முடிவதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை. அடுத்த தண்ணீர் எங்கே என்பது ஓடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

வண்டிப் பயணி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். ஆனால் பழகுவதோ நடுக்கடலில் இருப்பவரைப்போல. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து களியக்காவிளையில் வெளியேற அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம்தான். இதற்குள் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற நாடு இது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் கால்வாய்கள் ஒரு பக்கம், 1966இல் எழுந்த மாத்தூர் தொட்டிப்பாலம் ஒரு பக்கம். அந்தப் பாலத்தின் கீழ் நின்றால் நூறடிக்கும் மேலான உயரத்தில் ஒரு கால்வாயே பள்ளத்தாக்கைத் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். இங்கே ஐந்நூறு லிட்டர் டேங்கோடு சுற்றுவது அரை டன் பாரத்தை வீணாக இழுப்பது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அது டீசலைத் தின்னும், பிரேக்கைத் தேய்க்கும், கூரையில் ஏற்றினால் வளைவில் வண்டியைச் சாய்க்கும். பேரிடர் நிவாரணத்துக்கான உலகளாவிய குறைந்தபட்ச அளவே எல்லாத் தேவைக்குமாகத் தலைக்கு 15 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு 75 லிட்டர். அதிலும் குடிக்கவும் சமைக்கவும் 25 லிட்டர் போதும், கடையில் கிடைக்கும் 20 லிட்டர் கேன் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.

எங்கும் ஒரே தண்ணீர் என்று சொல்லவில்லை. பேச்சிப்பாறை, குலசேகரம், திற்பரப்புப் பக்கம் மலையடிவாரம். கிணறு ஊறும், மழையும் கூடுதல். குமரிமுனையை நெருங்க நெருங்க மழை குறையும், கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறும். எனவே ஒழுங்கு இதுதான்: நல்ல தண்ணீரை உள்நாட்டில் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டும், கடற்கரையில் போய் நிரப்பலாம் என்று காலி கேனோடு போகக் கூடாது. உப்பை நாக்கு சொல்லிவிடும், சோப்பு நுரைக்காமல் இருப்பதும் சொல்லிவிடும். இந்தியத் தரநிலைப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஒப்புக்கொள்கிறார்கள். அதைத் தாண்டிய தண்ணீரும் கால் கழுவவும் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கும் ஆகும். தூத்தூர்ப் படகு சொல்லித்தரும் பாடத்தைத் தரையில் கடைப்பிடிப்பது இப்படித்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குளத்தையும் ஆற்றையும் நம்பிய காலம் போய்விட்டது. மணக்குடியில் கடலைச் சேரும் பழையாறு நாகர்கோவிலைத் தாண்டும்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுத் தண்ணீரை நிறைய ஏற்றிக்கொள்வதே பத்திரம் என்பார்கள். ஆற்றைப் பற்றிச் சொல்வது உண்மை. அதிலிருந்து பெரிய டேங்க் வேண்டும் என்ற முடிவு வராது. குடிக்கிற 25 லிட்டர் பத்திரமாக இருந்தால் போதும், குளிக்கிற தண்ணீருக்கு அந்தத் தரம் வேண்டாம். மேலும், வீட்டுத் தண்ணீர் வண்டியில் ஏறியதும் வீட்டுத் தண்ணீராக இருப்பதில்லை. வெயில் படும் வெள்ளை டேங்கில் பாசி பிடிக்கும். குழாயில் வந்த குளோரின் நாள்பட நாள்பட அடங்கிப்போகும். தோட்டத்து ஹோஸால் நிரப்பினால் ரப்பர் வாடை ஏறும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து டம்ளரோடு உள்ளே போகும் கை. சாப்பிட்ட கையால் ஒரு பிள்ளை ஒருமுறை மொண்டு குடித்தால், எத்தனை பெரிய டிரம்மாக இருந்தாலும் முழுவதும் கெட்டது. அடியில் திருகு குழாய் வைத்த, வெளிச்சம் ஊடுருவாத, மூடிய கேன். சந்தேகம் வந்தால் கொதிக்கவைப்பது, அல்லது அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருப்பது. பத்திரம் இவற்றில்தான் இருக்கிறது. உப்பைச் சொல்லும் நாக்கு கிருமியைச் சொல்லாது என்பதால் இதில் சோம்பல் ஆகாது.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்வது. கொஞ்சமாக ஏற்றினால் டேங்க் அரைகுறையாகக் கிடக்கும்; அரை டேங்க் தண்ணீர் நிறைந்த டேங்கைவிட மோசம், பேச்சிப்பாறை வளைவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைமோதி வண்டியை இழுக்கும். நூற்றுக்கு நூறு சரி. லாரி டேங்கர்களுக்குள் தடுப்புத் தகடு வைப்பதே அதற்காகத்தான். ஆனால் இது குறைத்து ஏற்றுவதற்கு எதிரான வாதம் அல்ல, ஒற்றை டேங்குக்கு எதிரான வாதம். ஐந்து 20 லிட்டர் கேன் வைத்திருந்தால் ஒன்றைத் தவிர மற்றவை எப்போதும் நிறைந்தோ காலியாகவோ இருக்கும், அலைமோதத் தண்ணீர் இருக்காது. ஒன்று கெட்டால் நான்கு தப்பும். அச்சுக்கு நேரே கீழ்மட்டத்தில் வைத்துக் கட்டலாம். ஒரு கேனை ஓர் ஆளே கிணற்றடிக்குக் கொண்டுபோய் நிரப்பி வரலாம். வண்டியையே கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மீட்டரும் வேண்டாம், காலி கேனை எண்ணினால் போதும். கடைசிக் கேனை மட்டும் அடுத்த ஊர் சேரும்வரை திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் அவசரத்துக்கும் ஆயிற்று.

மிகக் கடினமான கேள்வி உள்ளூர்க்காரர் கேட்பது: வருகிற வண்டியெல்லாம் எங்கள் குழாயில் பிடித்துக்கொண்டு போனால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? கோடையில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் கடலோர ஊரில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. அங்கே பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் கேட்டுப் பிடிக்கலாம், காசு கொடுத்துப் பிடிக்கலாம். பெட்ரோல் பங்குகள் வாடிக்கையாளருக்குக் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அது குடிப்பதற்கு, டிரம் நிரப்புவதற்கு அல்ல. குறைவாகச் செலவழிக்கிறவருக்கே கேட்கும் முகம் உண்டு. ஷவரைத் திறந்துவிட்டுக் குளிப்பவர் கேட்கிற தண்ணீரும், ஒரு வாளியும் செம்புமாக முடித்துக்கொள்பவர் கேட்கிற தண்ணீரும் ஊராருக்கு ஒன்றாகத் தெரியாது. பிடித்ததோடு கணக்கு முடியவும் இல்லை. உள்ளே போன தண்ணீர் அழுக்காக வெளியே வரும். அதைத் திற்பரப்பு ஆற்றங்கரையிலோ கோயில் குளத்தருகிலோ திறந்துவிடுகிறவர், அடுத்து வருகிறவரின் தண்ணீரைக் கெடுக்கிறார். உரிமையாளரைக் கேட்டுத் தென்னந்தோப்பில் சோப்புக் குறைந்த கழிவைக் கொட்டலாம். கழிப்பறைக் கழிவை அங்கும் கொட்டக் கூடாது.

ஆக, இது பயணியின் ஒழுக்கத்தோடு நின்றுவிடும் விஷயம் அல்ல. அடுத்த தண்ணீர் எங்கே என்று தெரிந்தால்தான் குறைத்து ஏற்றும் துணிச்சல் வரும். தெரியாதபோது டேங்கைப் பெரிதாக்குவது பயத்தின் விளைவு. திருவிதாங்கூர் காலத்துச் சாலைகளில் வழியம்பலமும் சுமைதாங்கிக் கல்லும், அருகே கிணறும் இருந்தது நடந்து போகிறவருக்கு இந்தப் பயம் இல்லாமல் இருக்கத்தான். இன்றைக்கு வேண்டியதும் அதுவே. ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், திற்பரப்பு, மார்த்தாண்டம் என்று நான்கு இடத்தில், வண்டி நிற்கும் இடத்தை ஒட்டி, காசு போட்டால் அளந்து தரும் குழாய் ஒன்று, கழிவை இறக்கச் சாக்கடையோடு சேர்ந்த குழி ஒன்று, தண்ணீரின் தரம் எழுதிய பலகை ஒன்று. கேரவன் சுற்றுலா என்று பேசுகிறவர்கள் படுக்கையையும் ஏசியையும் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேச வேண்டும். அதுவரை, இங்கே வருகிறவர் டேங்க் எத்தனை லிட்டர் என்று கேட்பதை விட்டு, எந்த ஊரில் எதை நிரப்புவது என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்பலாம். ஐந்து கேனும் அந்தச் சீட்டும் இருந்தால் குமரி மாவட்டத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.