ஒரு சொல், இரு செவி

பாலக்காட்டின் கிழக்கே வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை. இடுக்கியில் மறையூர், வட்டவடை, மூணாறு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னும் இவ்வூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில்தான் அமர்ந்திருக்கின்றன. பரிவோடு பேசக் கற்பது எங்கும் அரிது. எங்களைப் போன்ற எல்லைப்புறக் குடும்பங்களுக்கு அது இன்னும் ஒரு படி அரிது. சொல் ஒன்றாகவே இருக்கும், பொருள் மாறிவிடும். நமக்கு வெள்ளம் ஆற்றுப் பெருக்கு, அவர்க்குக் குடிநீர். நமக்குச் சம்சாரம் இல்லாள், அவர்க்குப் பேச்சு. இவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். அவ்வாறு கடக்க இயலாத சொல் ஒன்று உண்டு: 'நீங்கள்'.

தமிழில் அது மரியாதைப் பன்மை. திருவிதாங்கூர் வழக்கிலோ மூத்தவரை நேர்முகமாக 'நிங்ஙள்' என்பது மதிப்புக் குறைவு. சேட்டன், சேச்சி, சார் என்று முறை சொல்லியே விளிப்பர். மலபார்ப் பக்கம் இத்துணைக் கடுமை இல்லை.

மறையூரில் எங்கள் வீட்டருகே ஒரு வெல்லக்கடை இருந்தது. உடுமலையிலிருந்து வேலைக்கு வந்த இளைஞன், கோட்டயத்துப் பக்கமிருந்து குடியேறிய முதியவரை 'நிங்ஙள்' என்றான். அவர் சினந்து வெளியேறினார். தமிழன் என்பதால் தன்னை இகழ்கிறார் என்று இவன் முடிவு கட்டினான். இரு வாரம் முகம் பார்க்கவில்லை. எங்கள் பெரியம்மா இருவரையும் தனித்தனியே கேட்டார். "மரியாதையாத்தானே பெரியம்மா சொன்னேன்?" என்றான் அவன். "எழுபது வயசாயி எனிக்கு; ஈ பையன் என்னெ நிங்ஙள் எந்நு விளிச்சு" என்றார் அவர். பெரியம்மா எவருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவன் சொன்னதை அவரிடமும், அவர் சொன்னதை அவனிடமும் கொண்டு சேர்த்தார், அவ்வளவே. மறுநாள் அவன் "அப்பச்சா" என்றழைத்து வெல்லம் நிறுத்துக் கொடுத்தான்.

மார்ஷல் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர், வன்முறையற்ற உரையாடல் பற்றி 1999இல் வெளியிட்ட நூலில் இதையே முறைப்படுத்தினார்: கண்டதைச் சொல்க, உணர்ந்ததைச் சொல்க, தேவையைச் சொல்க, பிறகு வேண்டுக. 'நிங்ஙள் என்றான்' என்பது கண்டது. 'திமிர் பிடித்தவன்' என்பது தீர்ப்பு. நல்ல பகுப்பே. ஆயினும் 'என் மனம் புண்பட்டது' என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? இங்கே சினம் தணிந்ததற்கு அடையாளம், "சாப்பிட்டாயா?" என்ற கேள்விதான். அதையும் அந்நூலின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

கேளாமலே பேசுவதன் விளைவைப் பெரிய அளவிலும் கண்டோம். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அருகே அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பெயர்பெற்ற அப்போராட்டம் கேட்டதைப் பெற்றது.

இப்போது எல்லைக்கோடு வீட்டுக்குள்ளும் ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் பயில்கிறார்கள். தாத்தாவுக்குத் தமிழ் மட்டுமே. சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுச் சிறுமி, "தாத்தா, டி.வி. பார்க்க எனக்கு அவகாசம் இல்லையா?" என்று உரத்துக் கேட்டாள். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நேரம் கேட்கிறாள் என்றே தாத்தா எண்ணினார். குரலின் கூர்மை மட்டும் அவருக்கு உறுத்தியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இங்கே வாம்மா, எதைக் கேட்கிறே? விளங்கும்படி சொல்லு" என்றார். அவள் அருகே அமர்ந்து சொல்லத் தொடங்கினாள்.