யார் பூட்டுவது?

இயந்திரத்தைப் பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்டும் முறையை அமெரிக்கா 1989ல் விதியாகவே வெளியிட்டது. அதைப் பின்பற்றிய ஒரு தொழிற்சாலைக் கையேட்டைத் தமிழாக்கினேன். ‘சுவிட்ச் பூட்டப்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தேன்.

படித்துப் பார்த்த ஃபிட்டர், “யார் சார் பூட்டணும்?” என்றார். அவர் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பிரஸ்ஸுக்குள் கைவிட்டிருந்தபோது, அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் சுவிட்சைப் போட்டுவிட்டாராம்.

எம்.ஏ.வில் செயப்பாட்டு வினை படித்தவன் நான். அது ஆளை மறைத்துவிடும் என்பது அன்றுதான் உறைத்தது.

மாற்றி எழுதினேன்: ‘உள்ளே கைவைப்பவரே பூட்ட வேண்டும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு.’