காற்றடித்தால் வராத மாணவி

வாடைக்காற்று எழுந்து கல்முனைக் கடல் இரையத் தொடங்கினால், என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவியின் இடம் வெறுமையாகிவிடும். சோம்பல் என்றெண்ணி ஒருநாள் அவளை வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். மறுநாள் அவளுடைய உம்மா வந்தார். மருதமுனையில் கைத்தறி நெய்து பிழைப்பவர். முக்காட்டைச் சரிசெய்தபடி தலைகுனிந்து சொன்னார்:

"அவள்ள பிழ இல்ல சேர். காத்தடிச்சா நான்தான் புள்ளய விடமாட்டன். மூத்தவன் என்ட கையிலிருந்துதான் சேர் போனான்."

2004 டிசம்பர் 26. அன்று நானும் ஒரு பள்ளி மாணவன். கடற்கோள் அம்பாறையில் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று; இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு வெளியூரார் சிலர் வந்து, வண்ணக்கோல்களைத் தந்து, கடலை வரையச் சொன்னார்கள். வரைந்தோம். படங்களை அவர்கள் எடுத்துச் சென்றார்கள். பயம் எங்களிடமே தங்கிவிட்டது.

அந்தத் தாய் ஓதிய தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறார். அது தந்த ஆறுதலை நான் ஏளனம் செய்யேன். அரசாங்க மருத்துவமனையொன்றுக்கும் போயிருக்கிறார். வரிசையோ நீண்டது, மருத்துவருக்கு வாய்த்ததோ சில நிமிடங்கள். குளிசைகளோடு திரும்பினார். மருத்துவரைக் குறைகூறுவது நியாயமன்று. உட்கார்ந்து கேட்பதற்கென்று அங்கே ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கவில்லை.

அந்த ஒருவர்தான் மருத்துவ உளவியலாளர். 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விற்மர் முதல் உளவியல் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியபோது, முதலில் வந்தவன் எழுத்துக்கூட்ட இயலாத ஒரு சிறுவன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. பின்னர் நெடுங்காலம் உளவியலாளர் பெரும்பாலும் அறிவாற்றலை அளந்து சொல்பவராகவே இருந்தார். இரண்டாம் உலகப் போரில் மனம் நொறுங்கி மீண்ட சிப்பாய்களின் தொகை மருத்துவர்களால் தாங்கவொண்ணாததாயிற்று. 1946 முதல் அந்நாட்டின் படைவீரர் நலத்துறை அவரைச் சிகிச்சைக்கே பயிற்றியது. இன்று மூன்றாவது பணியும் சேர்ந்திருக்கிறது: தாதியருக்கும் ஊர்த் தொண்டருக்கும் பயிற்சியளித்து, அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்டுவது.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கையும், பெரிய மருத்துவமனைகளுக்குள் அடைபட்டிருந்த சேவையை மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவர முனைந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் வழிகாட்டுபவர் இல்லாத இடத்தில் ஊர்த் தொண்டர் என்ன செய்வார்? ஆசிரியன்தான் என்ன செய்வான்? கேட்க எனக்குக் காதுகள் உண்டு. எதைக் கேட்கலாம், எதைக் கிளறலாகாது என்று அறியப் பயிற்சி வேண்டும். "ஆசிரியர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்வது சிக்கனம். அது சேவை ஆகாது. வசதியுள்ளவர் கொழும்பிலே காசு கொடுத்துப் பேசுகிறார்; நெசவுக்காரிக்குக் குளிசை போதுமா? நம் மொழி பேசும் உளவியலாளருக்கு அரசாங்க மருத்துவமனையில் நிரந்தரப் பதவி வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று.

அந்த மாணவியிடம், அதே வகுப்பின் முன்னிலையில், மன்னிப்புக் கேட்டேன். இப்போது காற்றடிக்கும் நாள்களில் உம்மாவும் மகளோடு வந்து, பாடசாலை விடும்வரை விறாந்தையில் அமர்ந்திருக்கிறார். இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. வழி தெரிந்தவரை இங்கே அனுப்புவது அரசின் கடமை. அனுப்பும்வரை ஓயாமல் கேட்பது நம் கடமை.