பள்ளி மணியும் பிள்ளைகளின் உறக்கமும்



உங்கள் இல்லத்தில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை இருக்குமாயின், ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். நேற்றிரவு அப்பிள்ளை உறங்கச் சென்றது எத்தனை மணிக்கு? இன்று காலை எழுப்பப்பட்டது எத்தனை மணிக்கு? இடைப்பட்ட நேரம் எட்டு மணிக்குக் குறையவில்லையெனில் நீங்கள் பாக்கியசாலிகள். குறைந்திருக்குமாயின், இன்னும் சிறிது நேரம் என்னுடன் இருங்கள்.

நான் வசிப்பது பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள காட்டுப்பாக்கத்தில். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுடன் வாழ்ந்து வருகின்றேன். மூத்த பேத்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் பயிலும் தனியார் பள்ளி நகரின் உட்பகுதியில் உள்ளது. எட்டாம் வகுப்பு வரை அவளுக்குப் பள்ளி காலை 9 மணிக்குத் தொடங்கியது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் மதரஸாவுக்குச் சென்று ஓதிவிட்டு, வீடு திரும்பிப் பசியாறி, நிதானமாகப் புறப்படுவாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் யாவும் தலைகீழாயின. மேல் வகுப்புகளுக்கு 8 மணிக்கு முதல் பாடம்; அதற்கு முன் 7.30 மணிக்குச் சிறப்பு வகுப்பு. ஐயப்பன்தாங்கல், போரூர் வழியாகச் செல்லும் சாலை அலுவலக வாகனங்களால் நிரம்புமுன் கடந்துவிட வேண்டுமென்பதால், பள்ளிப் பேருந்து 6.20 மணிக்கே எங்கள் தெருமுனைக்கு வந்துவிடுகின்றது.

முதல் மாதத்திலேயே மகன் என்னிடம் வந்து, "அத்தா, இனி ஓதலை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையால் முடியவில்லை" என்றான். மருமகளோ, "ஓதலை நிறுத்துவதாயிருந்தால் பள்ளியை மாற்றிவிடலாம் மாமா" என்றார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. பேத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உண்ணும்போதே அவள் கண்கள் மூடிக்கொண்டிருந்தன.

தீர்ப்புச் சொல்லுமுன் கணக்கைப் பார்ப்போம் என்று ஒரு வாரம் அவள் உறங்கிய நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். பள்ளி நாட்கள் ஐந்திலும் சராசரியாக ஆறு மணி நேரமே அவள் உறங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு மீண்டும் படுத்தவள், பத்து மணிக்குத்தான் எழுந்தாள்.

இது சோம்பலன்று

"அந்தக் காலத்தில் நாங்கள் நாலரை மணிக்கே எழுந்தோமே!" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். உண்மைதான். ஆனால் இஷா தொழுத கையோடு விளக்கணைத்து உறங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமன்றோ?

பருவ வயதை எட்டும்போது பிள்ளைகளின் உடலில் ஒரு மாற்றம் நிகழ்கின்றது. இருள் சூழ்ந்ததும் மூளையில் சுரந்து உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு, இவ்வயதில் ஓரிரு மணி நேரம் தாமதித்தே பெருகத் தொடங்குகின்றது. எட்டு வயதில் ஒன்பது மணிக்கே கண்ணயர்ந்த பிள்ளை, பதினைந்து வயதில் பதினொரு மணி வரை விழித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன் போன்ற ஆய்வாளர்கள் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவியுள்ளனர். 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது, அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை. உறக்கம் குறைந்தால் கவனம் சிதறும். படித்தது மனத்தில் தங்காது. சிறு சொல்லுக்கும் சினம் பொங்கும். இவற்றைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வகுப்பறையின் முதல் பாடவேளையில் நின்று பாடம் நடத்திய எவரும் அறிவர்.

பிற இடங்களில் நடந்தவை

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2014 ஆம் ஆண்டிலேயே, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது என அறிவுறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் 2019 இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்குவதைத் தடுத்தது. புளோரிடா மாநிலமும் 2023 இல் இத்தகைய சட்டமொன்றை இயற்றியது. ஆனால் பேருந்துகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் எங்கே போவது என்று பள்ளி நிர்வாகங்கள் முறையிட, நடைமுறைக்கு வருமுன்பே 2025 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

சியாட்டில் நகரில் 2016 ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50 இலிருந்து 8.45க்கு மாற்றினர். பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தையும் இரவில் விழித்தே கழித்துவிடுவார்கள் என்று பலர் கூறினர். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாக உறங்கியிருந்தனர்.

நம்மவர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரின் செய்தி இன்னும் நுட்பமானது. அங்கே 1982 முதல் கடிகாரம் முன்னோக்கி வைக்கப்பட்டிருப்பதால் சூரியன் உதிப்பதே ஏறத்தாழ 7 மணிக்கு. அங்கே ஒரு மகளிர் பள்ளி 2016 ஆம் ஆண்டு தன் தொடக்க நேரத்தை 7.30 இலிருந்து 8.15 ஆக மாற்றியது. ஒன்பது மாதங்களுக்குப் பின் அளந்தபோது மாணவியர் பெற்ற கூடுதல் உறக்கம் ஏறத்தாழ 10 நிமிடம். மனநிலையும் பகல்நேர விழிப்பும் மேம்பட்டிருந்தன என்பது உண்மையே. ஆயினும் 45 நிமிடம் கொடுத்தும் உறக்கக் கணக்கில் சேர்ந்தது 10 நிமிடந்தான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

நம் நாட்டிலும் பேச்சு எழாமலில்லை. மகாராஷ்டிர ஆளுநராயிருந்த ரமேஷ் பைஸ் 2023 டிசம்பரில் பிள்ளைகளின் உறக்கம் கருதிப் பள்ளி நேரத்தை மாற்றுமாறு கூறினார். 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரை பள்ளிகள் 9 மணிக்கு முன் தொடங்கலாகாது என அம்மாநில அரசு ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் இயற்கையாகவே சீக்கிரம் உறங்கிச் சீக்கிரம் எழும் சிறு பிள்ளைகளுக்கு இச்சலுகை கிடைத்தது. உடற்கூற்றின்படி இது மிகவும் தேவைப்படும் பருவ வயதினருக்குக் கிடைக்கவில்லை!

கேரளம் தரும் பாடம்

நமக்கு நெருக்கமானது கேரளத்தின் விவாதம். அங்கே பெரும்பாலான பள்ளிகள் 10 மணியளவில் தொடங்குவது நெடுநாள் வழக்கம். அதற்கு முந்தைய காலை நேரத்தை நம்பியே அங்குள்ள மதரஸாக் கல்வி வேரூன்றியது. எம்.ஏ. காதர் தலைமையிலான குழு, பள்ளி நேரத்தைக் காலை 8 முதல் பிற்பகல் 1 மணி வரை என மாற்றப் பரிந்துரைத்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2025 ஆம் ஆண்டு, 8 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்குக் காலையில் 15 நிமிடமும் மாலையில் 15 நிமிடமும் கூட்டி, 9.45 முதல் 4.15 வரை எனக் கேரள அரசு மாற்றியது. மதரஸாக் கல்வி பாதிக்கப்படும் எனச் சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் உலமா எதிர்ப்புத் தெரிவித்தது. கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அவ்வாண்டு ஜூலையில் அவர்களுடன் பேச்சு நடத்தினார். எனினும் மாற்றிய நேரமே அக்கல்வியாண்டில் நீடித்தது.

கேரளத்தார் 15 நிமிடத்துக்காக அரசின் கதவைத் தட்டினர். எங்கள் பகுதியிலோ ஒன்றரை மணி நேரம் பறிபோயும் எவரும் வாய் திறக்கவில்லை. தமிழகத்து அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் 9 மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன. விடியுமுன் பிள்ளைகளை அள்ளிச் செல்வது பல தனியார் பள்ளிகளின் வழக்கம். நாமே பணம் கட்டிச் சேர்த்த பள்ளியாதலால் நாம் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்குக் குறையாகத் தோன்றியது. கேரளத்தில் அது ஒரு சமுதாயத்தின் கோரிக்கையாகவே பார்க்கப்பட்டது. உறக்கமோ எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் பொது. எங்கள் தெருமுனையில் அதிகாலையில் நிற்கும் எட்டுப் பிள்ளைகளுள் நம் பிள்ளைகள் இருவரே. ஏனைய அறுவரும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் நிற்கின்றனர்.

கேட்டுப் பார்த்தோம்

ஆகவே, மதரஸாவைக் காரணம் காட்டாமல், பிள்ளைகளின் உறக்கத்தைக் காரணம் காட்டி, அத்தெருப் பெற்றோர் யாவரும் கையெழுத்திட்டு மேல் வகுப்புகளை 8.30க்குத் தொடங்குமாறு பள்ளிக்கு எழுதலாம் என முடிவு செய்தோம். வீடு வீடாகச் சென்றபோது ஒரு தாயார் கையெழுத்திட மறுத்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். "ஐயா, நான் 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பணும். அதுக்கப்புறம் பொம்பளப் பிள்ளையை யார் பஸ் ஏத்தி விடுவாங்க?" என்று கேட்டார். அவருடைய கேள்விக்கு மறுமொழி இல்லாத எந்தச் சீர்திருத்தமும் அரைகுறையானதே. அவர் மகளையும் எங்கள் பேத்தியுடன் சேர்த்து ஏற்றிவிடும் பொறுப்பை என் மருமகள் ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் கையெழுத்திட்டார்.

பள்ளியின் மறுமொழி மரியாதையாகவே இருந்தது. ஒரே பேருந்துதான் முதலில் மேல் வகுப்புப் பிள்ளைகளையும், பின்னர் திரும்பி வந்து சிறுவர்களையும் ஏற்றுகின்றது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று குலையும் என்றனர். புளோரிடாவில் சட்டத்தையே வீழ்த்திய அதே பேருந்துக் கணக்கு! "அப்படியாயின் சிறுவர்களை முதலிலும் பெரியவர்களை அடுத்தும் ஏற்றலாமே?" என்று கேட்டோம். மாலையில் பெண் பிள்ளைகள் வீடு சேர மஃரிப் நேரம் ஆகிவிடும் என்ற அச்சம் பெற்றோரிடமே எழுந்தது. அதையும் தள்ளிவிட முடியவில்லை. இறுதியில் 8 மணிப் பாடம் அப்படியே நின்றது, 7.30 மணிச் சிறப்பு வகுப்பு மட்டும் ஒன்பதாம் வகுப்புக்கு நீக்கப்பட்டது. பேருந்து இப்போது 6.50க்கு வருகின்றது. கிடைத்தது அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்துக்குள் ஓதலை மீட்டுத் தந்தவர் எங்கள் மதரஸா உஸ்தாது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுபுஹுக்குப் பின் பள்ளிவாசலிலேயே இருபது நிமிடம் மட்டும் ஓதிக் கொடுத்து, விளக்கப் பாடங்களைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டார். என் பேத்தி முப்பதாவது ஜுஸ்உவை மனனம் செய்வதை நிறுத்தவில்லை.

மணியை மட்டும் மாற்றினால் போதுமா?

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். மணி பிந்தியும் உறக்கம் அதே அளவு கூடாததேன்? உறங்கச் செல்லும் நேரமும் சிறிது சிறிதாகப் பிந்தியதால்தான். நம் வீடுகளில் இச்செய்திக்கு இன்னொரு பொருளும் உண்டு. பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் சுபுஹு பிந்துவதில்லை. சென்னையில் சனவரியில் ஏறத்தாழ ஐந்தேகால் மணிக்கும், கோடையில் நாலரைக்கு முன்பும் சுபுஹு நேரம் வந்துவிடும். ஆக, பிந்திய மணி நம் பிள்ளைக்கு அதிகாலை உறக்கத்தைத் தராது. ஓதவும், பசியாறவும், இயலுமாயின் சற்றுக் கண்ணயரவும் இடம் தரும், அவ்வளவே. இழந்த உறக்கத்தை நாம் மீட்க வேண்டிய இடம் இரவு.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நம் வீடுகளில் இஷாவுக்குப் பின்தானே உண்மையான மாலை தொடங்குகின்றது! தனிப்பயிற்சி முடிந்து பிள்ளை வருவது 8.30க்கு. இரவு உணவு 9.30க்கு. பின்னர் வீட்டுப்பாடம். அதன் பின் கைப்பேசி. வலீமா விருந்தென்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் இரண்டு விதிகள் வைத்தோம். இரவு உணவு இஷாவுக்கு முன்; 9.15க்குப் பின் எவர் கையிலும் கைப்பேசி இல்லை. 'எவர் கையிலும்' என்பதில் என் மகனும் அடக்கம். முதல் வாரம் முணுமுணுத்தவன் அவன்தான்! கணக்குத் தனிப்பயிற்சியை வார விடுமுறைக்கு மாற்றினோம். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடம் பேத்தி படுத்துக்கொள்கின்றாள். நபித்தோழர்கள் ஜும்ஆவுக்குப் பின் கைலூலா எனும் பகல் ஓய்வு கொண்டதை ஹதீஸ்களில் காண்கின்றோம். நம் பிள்ளைக்கு நண்பகலில் வாய்க்காதது மாலையிலாவது வாய்க்கட்டும்.

ரமலானுக்கு முன் மீண்டும் ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதினேன். ஆறு மணி நேரமாயிருந்த உறக்கம் ஏழு மணியைத் தாண்டியிருந்தது. எட்டை இன்னும் எட்டவில்லை. எஞ்சிய அந்த ஒரு மணி நேரம் பள்ளியின் கையில் உள்ளது.

வாசகப் பெருமக்களே! அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டு எழுந்துவிடாதீர்கள். மேல் வகுப்புகள் ஏன் முதலில் தொடங்குகின்றன, பேருந்தின் முறையை மாற்றினால் என்ன, காலைச் சிறப்பு வகுப்பால் கிடைத்த பலன் யாது என வினவுங்கள். அண்டை வீட்டாரையும், அவர் எம்மதத்தவராயினும், உடன் அழைத்துச் செல்லுங்கள். மஹல்லாவின் முத்தவல்லிகளும் உஸ்தாதுமார்களும் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கென ஓதும் நேரத்தைத் தனியே வகுத்துத் தாருங்கள். நேரமின்மையால் ஓதலைப் பாதியில் விட்டுச் செல்லும் பிள்ளை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அரைத் தூக்கத்தில் பாடம் கேட்கும் பிள்ளைக்கோ கல்வியும் கைகூடுவதில்லை. இவ்விரண்டும் நம் பிள்ளைகளுக்குக் கிட்ட வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!