பில்லைக் கேட்டால்தான் வரும்

பொலோன்யா, இத்தாலி



சென்னையிலிருந்து வந்துவிட்டுப் போன ஒரு நண்பர் குடும்பம், ஊர் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தது. ரோம் பிரமாதம், வெனிஸ் பிரமாதம், ரயில் அதைவிடப் பிரமாதம். "ஆனா ஒண்ணு சொல்லணும் சார். ஹோட்டல்ல கவனிப்பு சுத்தமா சரியில்ல. சாப்பிட்டு முடிச்சு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கோம், ஒருத்தரும் பில் கொண்டு வரலை. நம்மள மறந்தே போயிட்டாங்க!"

யாரும் மறக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குக் கிடைத்தது முதல் தரமான கவனிப்பு. இதைச் சொன்னால் நண்பர் நம்ப மாட்டார் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் ஊரில் காபி டம்ளர் கீழே வைக்கப்படும் முன்பே பில் வந்துவிடும். பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இத்தாலியில் கேட்காமல் பில்லை வைத்தால் 'எழுந்து போங்கள்' என்று அர்த்தம். எந்த நல்ல சர்வரும் அதைச் செய்யமாட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு உங்களுக்கென்று கொடுத்த மேசை அநேகமாக அன்றிரவு முழுக்க உங்களுடையது. கூட்டம் நெரியும் பெரிய நகரங்களில் இப்போது இரண்டு பந்தி வைக்கிறார்கள். அங்கேகூட மேசையை முன்பதிவு செய்யும்போதே 'ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்' என்று சொல்லிவிடுவார்கள். மற்ற இடங்களில் கடைசிக் காபி ஆகி, அதற்குமேல் ஜீரணத்துக்கென்று கசப்பான அமாரோ ஒரு வாய் ஆகி, பேச்சு தீர்ந்து, நீங்களாகப் பார்த்து "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" என்று கேட்கும்வரை அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார்கள். கேட்கிற விதமும் இருக்கிறது. சொடுக்குப் போடுவதும் "ஹலோ பாஸ்" என்று கூப்பிடுவதும் இங்கே எடுபடாது. சர்வர் கண்ணைப் பிடித்து, காற்றில் ஒரு கிறுக்கல் கிறுக்கினால் போதும். ட்ரட்டோரியா என்கிற சின்னக் குடும்ப ஹோட்டல்களில் அதுகூட வேண்டாம். எழுந்துபோய் வாசல் கல்லாவில் மேசையைக் காட்டினால் கணக்குச் சொல்வார்கள்.

இந்த ஒதுங்கி நிற்றலுக்குச் சம்பளமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அமெரிக்காவில், டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது மத்தியச் சட்டம். 1991-லிருந்து அந்தத் தொகை ஏறவேயில்லை. பல மாநிலங்கள் அதற்கு மேல் நிர்ணயித்திருக்கின்றன. இருந்தாலும் அங்கே சர்வரின் வீட்டு வாடகை உங்கள் டிப்ஸில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து சிரித்து "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று விசாரிக்காமல் என்ன செய்வார்? இத்தாலியில் சர்வர் வேலைக்குத் தொழிற்சங்க ஒப்பந்தப்படி மாதச் சம்பளம். டிப்ஸ் வைத்தால் நன்றி, வைக்காவிட்டால் வருத்தமில்லை. அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரிப்பு வந்ததால் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை ஏமாற்றிக் கணக்கில் காட்டாமல் ஆள் வைப்பதும் இந்த நாட்டில் நடக்கிறது, மறைப்பதற்கில்லை. ஆனாலும் சாப்பிட வந்தவர் கையை எதிர்பார்க்காத ஒரு நிமிர்வு இந்தத் தொழிலில் இருக்கிறது. நம்மவர்களுக்கு அது திமிராகத் தெரிகிறது.

அந்த நிமிர்வு 'முடியாது' என்று சொல்லும்போது இன்னும் நன்றாகத் தெரியும். சாப்பாடு மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. மாலை ஏழரைக்கு மேல். இடையில் நான்கு மணிக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும், கும்பிட்டாலும் எரியாது. (நாலு மணிக்கும் சாப்பாடு போடுகிற கடை, வாசலில் படம் போட்ட மெனு, கையைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஆள் மூன்றும் சேர்ந்திருந்தால் நீங்கள் நடையைக் கட்டலாம்.) இங்கே பொலோன்யாவில் 'ஸ்பகெட்டி போலொனேஸ்' கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்பார்கள். உலகம் முழுக்க இந்த ஊர்ப் பேரில் விற்கிற பண்டம் இந்த ஊரில் கிடையாது. இறைச்சியை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த ராகூ, முட்டை போட்டுப் பிசைந்த தட்டையான தல்யதெல்லேயோடுதான் வரும். அந்த ராகூவின் செய்முறையை 1982-இல் ஊர் வர்த்தகச் சபையில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1972-இல், வெந்த தல்யதெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று முடிவு கட்டி, தங்கத்தில் ஒரு மாதிரி செய்து அங்கேயே வைத்துவிட்டார்கள். ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்காம் அது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு 'கொஞ்சம் சில்லி சாஸ் இருக்கா' என்று கேட்பவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு மேல் கப்புச்சீனோ கேட்பது அடுத்த குற்றம். பால் காலைக்கு உரியது. வயிறு நிறைந்த பிறகு அது ஜீரணத்தைக் கெடுக்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. நம் கல்யாணப் பந்தியில் மோர் சாதம் முடித்தவர் மறுபடி சாம்பார் கேட்டால் பரிமாறுகிறவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போகும் சர்வர் முகம். கொண்டுவந்து கொடுத்துவிடுவார், ஆனால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். கிளிஞ்சல் போட்ட ஸ்பகெட்டிமேல் சீஸ் துருவக் கேட்டால் கொடுக்காமலே போகிறவர்களும் உண்டு. இதில் மட்டும் எனக்கு இவர்களோடு உடன்பாடில்லை. தெற்கே பாரியில் சோறு, உருளைக்கிழங்கு, சிப்பி மூன்றையும் அடுக்கிச் சுடுகிற தியெல்லாவில் பெக்கொரீனோ சீஸைத் தாராளமாகப் போடுகிறார்கள். கடல் உணவோடு சீஸ் சேராது என்பது இத்தாலியர்களே மீறிக்கொண்டு மற்றவர்களுக்கு விதிக்கிற சட்டம்.

மேசை ஒழுங்குக்கு இத்தாலியில் 'கலாத்தேயோ' என்று பெயர். அது 1558-இல் வெனிஸில் வெளியான ஒரு புத்தகத்தின் பெயர். எழுதியவர் ஜொவான்னி டெல்லா காசா என்ற பேராயர். அச்சாவதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார். மூக்கைச் சிந்தியபின் கைக்குட்டையை விரித்து முத்தும் மாணிக்கமும் விழுந்திருக்கிறதா என்பதுபோல் பார்க்காதே என்கிற அளவுக்கு இறங்கி உபதேசம் செய்கிற மனிதர். அதில் ஒரு கதை வருகிறது. வெரோனா பிஷப் வீட்டுக்கு ரிச்சார்தோ என்று ஒரு பிரபு விருந்தாளியாக வருகிறார். எல்லா விதத்திலும் பண்பட்டவர். ஒரே குறை, மெல்லும்போது வாயும் உதடும் சப்புக்கொட்டும். இருந்த நாட்களில் பிஷப் ஒன்றும் சொல்லவில்லை. பிரபு கிளம்பும் அன்று, கலாத்தேயோ என்ற வயதான அன்பரைக் குதிரையில் கூட அனுப்புகிறார். கொஞ்ச தூரம் பேச்சுக்கொடுத்துப் போனபின் அவர், பிஷப் தந்தனுப்பிய அன்பளிப்பு இது என்று சொல்லி, அந்தச் சப்தத்தைப் பற்றிப் பக்குவமாகத் தெரிவிக்கிறார். பிரபுவுக்குத் தன் குறை அதுவரை தெரியாது. முகம் சிவக்கிறது; பிறகு மனம் தேறி, உலகத்தில் கொடுக்கிற அன்பளிப்பெல்லாம் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நன்றி சொல்லி அனுப்புகிறார்.

இன்றைய ரோம் நகரத்து சர்வருக்குக் குதிரையும் இல்லை, அத்தனை பொறுமையும் இல்லை. ஸ்பகெட்டியைக் கத்தியால் நறுக்குகிறவரிடம் மேசையில் எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவார். ஆனால் இந்த நானூற்றைம்பது வருடப் பழக்கத்தின் வாடை அதில் இருக்கிறது: விருந்தாளிக்குத் தெரியாததைச் சொல்வதும் உபசாரத்தில் சேர்த்திதான். வாடிக்கையாளரே எஜமானர் என்ற பலகை தொங்குகிற கடைகளில் வளர்ந்த நமக்கு இது பிடிபடக் கொஞ்சம் நாளாகும். இங்கே நாம் எஜமானர் இல்லை, யாரோ ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்கள். உள்ளே நுழைந்ததும் மாலை வணக்கம் சொல்லி நிற்க வேண்டும். அவர்கள் காட்டுகிற மேசையில்தான் உட்கார வேண்டும்.

தட்டு வரக் காத்திருப்பதும் இந்தச் சாப்பாட்டில் ஒரு பகுதி. பலேர்மோவில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலர் குடியேறி இருக்கிறார்கள். ஹோட்டல் சமையலறையில் நிற்கிற ஒருவரிடம், ஒரு தட்டு பாஸ்தாவுக்கு ஏன் இருபத்தைந்து நிமிடம் என்று கேட்டேன். "ஆர்டர் வந்தாப் பிறகுதான் அண்ணை தண்ணிக்குள்ள போடுறது. அஞ்சு பேரெண்டா அஞ்சு தட்டும் ஒரேயடியா வெளியில போகோணும். அது ஆற விட்டா செஃப் கத்துவார். ஆக்கள்தான் இருந்து பாக்கோணும்" என்றார்.

இதெல்லாம் கேட்டு, இவர்கள் வளைந்தே கொடுக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரையிலிருந்து பெரியம்மா வந்திருந்தபோது அவரைப் பியாஸ்ஸா மஜ்ஜோரே சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு ட்ரட்டோரியாவுக்கு அழைத்துப் போனேன். பெரியம்மா முட்டைகூடத் தொடாத சைவம். பொலோன்யாவில் இது பெரிய சிக்கல். இந்த ஊர்ப் பெருமையான தொர்த்தெல்லீனியின் வயிற்றுக்குள் பன்றி இறைச்சி. இறைச்சி இல்லாத தொர்த்தெல்லோனியைக் கேட்கலாம் என்றால் மாவிலேயே முட்டை. அறுபது வயது இருக்கும் சர்வருக்கு; இடது முன்கையில் மூன்று தட்டை அடுக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். சற்று முன்னால் பக்கத்து மேசைக்காரருக்கு ராகூவோடு ஸ்பகெட்டி தர முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவர் அவர்தான். உள்ளே போய்த் திரும்பி வந்து குனிந்து, பெரியம்மாவைப் பார்த்தே பேசினார்: கடையில் வாங்கிய காய்ந்த பாஸ்தாவில் ரவையும் தண்ணீரும் மட்டும்தான், தக்காளியும் துளசி வகை இலையும் போட்டுத் தனியாகச் செய்கிறோம், மெனுவில் இல்லாதது. பிறகு என் பக்கம் திரும்பி, "பார்மிஜானோ சீஸ் வேண்டாம், சிஞ்ஞோரே. பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்ததைத்தான் சேர்க்கிறார்கள்" என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் பெரியம்மா, "பாவம், நம்ம ஊர்லகூட இவ்வளவு விசாரிக்க மாட்டான்டா" என்றார்.

ஆசைக்கு வளைய மாட்டார்கள், அவசியத்துக்கு உடனே வளைவார்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு இந்தக் கோதுமை நாட்டில் இருக்கிற வசதி நான் பார்த்த வேறெந்த நாட்டிலும் இல்லை. குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசாங்கம் மாதாமாதம் உதவி தருகிறது. 1979-இல் தொடங்கிய நோயாளிகள் சங்கம், பயிற்சி கொடுத்து ஹோட்டல்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. சீலியாக் என்று சொன்னால் மிக முசுடான சர்வரும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், குரல் பதிவின் பின்பாதி அதுதான். பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ போட்டிருப்பது ஏமாற்று இல்லை. மேசைத் துணி, ரொட்டி, உட்கார்ந்த இடம் எல்லாவற்றுக்கும் அது. மெனுவில் அச்சிட்டிருக்க வேண்டும். ரோம் இருக்கிற லாட்ஸியோ பிரதேசம் 2006-இல் கோபெர்த்தோவுக்குத் தடை போட்டது. அங்கே இப்போது 'ரொட்டி' என்று எழுதி வாங்குகிறார்கள். ரொட்டி வேண்டாம் என்று திருப்பிவிடலாம். உண்மையான கண்ணி மீனில் இருக்கிறது. மெனுவில் போட்ட விலை பல இடங்களில் நூறு கிராமுக்கு. முழு மீன் ஒன்றரைக் கிலோ வந்து நிற்கும்போதுதான் தலை சுற்றும். எடை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பண்டத்தின் பெயருக்கு அருகில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறையவைத்த சரக்கு. குறி போடாமல் விற்றால் மோசடி வழக்கு. 2018-இல் வெனிஸில் நாலு ஜப்பானிய மாணவர்களுக்கு, இறைச்சித் துண்டும் பொரித்த மீனும் தண்ணீரும் கொடுத்து 1,100 யூரோ பில் நீட்டினார்கள். நகர மேயர் வரை விஷயம் போய்க் கடைக்கு அபராதம் விழுந்தது.

2023 கோடையில் கோமோ ஏரிக்கரையில் ஒரு கடை, சாண்ட்விச்சை இரண்டாக வெட்டிக் கொடுத்ததற்குத் தனியாக 2 யூரோ போட்டது. இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்ததே என்றார் கடைக்காரர். நாடு முழுக்க அதைப் பற்றியே பேச்சு. ஐந்து பேராக வந்து மூன்று பிளேட் வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுகிற நம் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், நான் போகிற ட்ரட்டோரியாக்களில் சமையலறையிலேயே பிரித்துத் தனித்தனித் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். இதுவரை யாரும் காசு கேட்டதில்லை.